சீன எழுத்தும் நம் காதும்

சீன எழுத்து ஒரு சித்திரம். அதைப் படிக்கிறவன் சொல்லைக் கேட்பதில்லை, பொருளையே நேராகப் பார்த்துவிடுகிறான் என்ற எண்ணம் நம் இலக்கிய வட்டத்தில் வெகு காலமாக உலவி வருகிறது. கவிதையில் படிமம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இது எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் எழுத்து ஒலியைச் சுமந்து திரிகிறது, அதனால் நம் கவிதையும் ஓசைக்கு அடிமையாகிவிட்டது, சீனனுக்கு அந்தத் தளை இல்லை என்று அங்கலாய்ப்பவர்களும் உண்டு. இந்த எண்ணம் உண்மையா என்பது மொழியியல்காரர்களின் கவலை மட்டும் அல்ல. இதன் பின்னால் ஓர் ஆசை இருக்கிறது: பேச்சைத் தாண்டி, பேசுகிறவனையும் தாண்டி, பொருளைக் கையால் தொட்டுவிடலாம் என்கிற ஆசை. அது நியாயமான ஆசைதானா என்று கேட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஆசை பழையது. 1605இலேயே ஃபிரான்ஸிஸ் பேக்கன், சீன எழுத்துக்கள் சொற்களைக் குறிக்காமல் பொருள்களையும் கருத்துக்களையுமே குறிப்பவை என்று எழுதினார். இதை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் எர்னெஸ்ட் ஃபெனலோஸா. 1878இல் டோக்கியோவுக்கு ஆசிரியராகப் போன அமெரிக்கர். 1908இல் அவர் இறந்த பிறகு அவருடைய குறிப்பேடுகளை அவர் மனைவி எஸ்ரா பவுண்டிடம் ஒப்படைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டு பவுண்ட் 1915இல் ‘கத்தாய்’ என்ற தொகுப்பை உண்டாக்கினார். சீன எழுத்தைக் கவிதையின் ஊடகமாகக் காணும் ஃபெனலோஸாவின் கட்டுரையை 1919இல் ‘லிட்டில் ரெவ்யூ’வில் வெளியிட்டார். அதுவும் ஒரு சிறுபத்திரிகைதான். அக்கட்டுரையில் மனிதன், பார்த்தல், குதிரை ஆகிய மூன்றுக்கும் உரிய எழுத்துக்கள் வரிசையாக வைத்துக் காட்டப்படுகின்றன. இரண்டு காலில் நிற்கிறான் மனிதன். கால் முளைத்து ஓடுகிறது கண். நான்கு காலில் நிற்கிறது குதிரை. மூன்றிலும் கால்கள், மூன்றிலும் இயக்கம். இலக்கணமும் ஒலியும் குறுக்கே வராத கவிதை இது என்பது கட்டுரையின் வாதம்.

இங்கு 1959இல் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியதிலிருந்து புதுக்கவிதை பற்றிய விவாதங்களில் எலியட், பவுண்ட் பெயர்கள் அடிபட்டன. படிமம் என்ற சொல் விமர்சனப் புழக்கத்தில் நிலைபெற்றது. அதோடு ஃபெனலோஸாவின் குதிரையும் ஓசைப்படாமல் நம் கொட்டிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது.

குதிரையையே எடுத்துக்கொள்வோம். சீனத்தில் அதன் பெயர் ‘மா’. தாயைக் குறிக்கும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. படமாகப் பார்த்தால் விபரீதமான அர்த்தம் வரும். ஆனால் சீனக் குழந்தை அதைப் படமாகப் பார்ப்பதில்லை. இடப்பக்கம், இது பெண் சம்பந்தப்பட்ட சொல் என்கிறது. வலப்பக்கம், இதை ‘மா’ என்று சொல் என்கிறது. தொனி மட்டும் வேறு. வாக்கியத்தின் கடைசியில் நின்று அதைக் கேள்வியாக்கும் ஒரு சொல் உண்டு. அதன் எழுத்தில் வாயும் குதிரையும். வைவதற்கான எழுத்திலும் குதிரை இருக்கிறது. குதிரைக்கும் கேள்விக்கும் வசவுக்கும் என்ன உறவு? ஒலி உறவுதான். சீன எழுத்துக்களில் பத்துக்கு எட்டு இப்படிப் பொருள்குறி ஒன்றும் ஒலிக்குறி ஒன்றும் சேர்ந்து பிறந்தவை. கி.பி. 100ஐ ஒட்டி ஷு ஷென் தொகுத்த அகராதி 9,353 எழுத்துக்களை விளக்குகிறது. அவற்றில் படமாகவே பிறந்தவை சில நூறு மட்டும். சீன எழுத்து கருத்தெழுத்து என்பது வெறும் கட்டுக்கதை என்று ஜான் டிஃபிரான்சிஸ் 1984இல் ஒரு புத்தகமே எழுதினார்.

1956இல் மக்கள் சீன அரசாங்கம் எழுத்துக்களை எளிமைப்படுத்தியபோது குதிரையின் நான்கு கால்களும் போய் ஒரே கோடாயின. படம்தான் படிப்பு என்றால் அந்தத் தலைமுறைக்குக் குதிரை தொலைந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

‘கத்தாய்’ நல்ல கவிதை. தவறான கொள்கையிலிருந்து நல்ல கவிதை பிறக்கலாம். சரியான கொள்கையிலிருந்து மோசமான கவிதை நாள்தோறும் பிறந்துகொண்டிருப்பதையும் பார்க்கிறோம். ஆனால் அத்தொகுப்பில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. லி போ அங்கு ‘ரிஹாகு’ என்ற பெயரில் வருகிறார். ஃபெனலோஸாவுக்குச் சீனக் கவிதையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் அந்தப் பெயரை அப்படித்தான் உச்சரிப்பார்கள். ஒலியை மீறிய எழுத்து என்று நம்பிச் செய்த புத்தகத்தில், கவியின் பெயரே வேறொரு தேசத்தின் ஒலியாக வந்து சேர்ந்தது. எழுத்திலிருந்து குரலைக் கழற்றிவிட்டதாக நாம் நினைக்கும்போது அந்த இடம் காலியாக இருப்பதில்லை. அருகில் இருப்பவன் குரல் அதில் ஏறிக்கொள்கிறது.

தங்கள் எழுத்து மொழியைத் தாண்டிப் பேசும் என்று சீனர்களே நம்பினார்களா? இதற்குப் பதில் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையின் காலி நகரத்தில் 1911இல் ஒரு கல் கிடைத்தது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டது; சீனச் சக்ரவர்த்தியின் பெயரால் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நிறுவியது. அதில் மூன்று வாசகங்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. பொருளை நேரே கண்ணுக்குக் காட்டும் எழுத்து கைவசம் இருந்தால், சக்ரவர்த்தி தமிழைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. தமிழனிடம் பேச வேண்டுமானால் தமிழில்தான் பேச வேண்டும், அவன் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்று சீன அரசவைக்குத் தெரிந்திருந்தது.

*

வாதத்தைக் கல்லிலிருந்து மூளைக்குக் கொண்டுபோகலாம். படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. அதற்காக மூளை தன்னைப் புதிதாகப் படைத்துக்கொள்ள அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் இனம் காணப் பழகிய பகுதியின் ஒரு துண்டைப் படிப்பு எடுத்துக்கொள்கிறது. 1892இல் பாரிஸில் டெஜெரின் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்குப் பேச்சு சரியாக இருந்தது, பார்வையும் பெரும்பாலும் இருந்தது, எழுதவும் முடிந்தது. தான் எழுதியதைத் தானே படிக்க மட்டும் முடியவில்லை. எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் அது இன்ன எழுத்து என்று சொல்லிவிடுவார். கண் இழந்ததைக் கை வைத்திருந்தது. இடது மூளையின் பின்புற அடிப்பகுதியில் எழுத்துருவங்களை இனம் காணும் இந்த இடத்தை, 2000இல் லோரன் கோஹனும் ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் உயிருள்ள மூளையைப் படம் பிடித்துத் துல்லியப்படுத்தினார்கள். பிரெஞ்சுக்காரனுக்கும் சீனனுக்கும் அது ஏறக்குறைய ஒரே இடம்.

வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மை அல்ல. சீனம் படிக்கும்போது வலது மூளையின் பார்வைப் பகுதிகளும் கூடுதலாக வேலை செய்கின்றன. படிக்கத் தடுமாறும் சீனக் குழந்தைகளை ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் 2004இல் சோதித்தபோது, மேலை நாட்டுக் குழந்தைகளிடம் குறை தென்படும் இடத்தில் அல்லாமல் இடது மூளையின் முன்பகுதியில், நடு மடிப்பில், மந்தம் தெரிந்தது. உருவத்தையும் ஒலியையும் பொருளையும் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கும் வேலை அங்கு நடப்பதாக அவர்கள் கருதினார்கள். ஜப்பானில் சீன எழுத்தும் அசையெழுத்தும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருகின்றன. மூளைத் தாக்குதலுக்கு ஆளான சில நோயாளிகளுக்கு அசையெழுத்து போய்ச் சீன எழுத்து தங்கிவிடுகிறது. வேறு சிலருக்கு மறுதலையாக. சுமிகோ ஸஸானுமா 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆகவே எழுத்திலிருந்து பொருளுக்குப் போகும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதும், எந்த வழியில் எவ்வளவு பாரம் ஏறும் என்பதை எழுத்து முறை ஓரளவு நிர்ணயிக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் ஒலி இல்லாத வழி என்று ஒன்று சீனனுக்குத் தனியாகத் திறந்து வைக்கப்படவில்லை. இரண்டு எழுத்துக்களைக் காட்டி, இவற்றின் பொருள் ஒன்றா என்று மட்டும் கேட்ட சோதனைகள் 1990களில் நடந்தன. ஒலியைப் பற்றிக் கேள்வியே இல்லை. இருந்தும், பொருள் வேறாகவும் ஒலி ஒன்றாகவும் இருந்த ஜோடிகளில் சீன வாசகர்கள் தயங்கினார்கள். கேட்க வேண்டாம் என்றாலும் காது கேட்டுக்கொண்டிருந்தது. 2015இல் ஸ்பானிஷ், ஆங்கிலம், ஹீப்ரு, சீனம் ஆகிய நான்கு மொழிக்காரர்களைப் பேச்சைக் கேட்க வைத்தும் எழுத்தைப் படிக்க வைத்தும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. பேச்சுக்கு வேலை செய்யும் இடங்களும் எழுத்துக்கு வேலை செய்யும் இடங்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நான்கு மொழியிலும் படிந்த விதம் ஒத்திருந்தது. எந்த எழுத்தானாலும் படிப்பு, முன்பே கட்டியிருந்த பேச்சின் வீட்டுக்குத்தான் குடி வருகிறது.

இன்னொன்றும் தெரிய வந்தது. பெய்ஜிங் குழந்தைகளிடம் 2005இல் பார்த்ததில், நன்றாக எழுதத் தெரிந்த குழந்தையே நன்றாகப் படித்தது. கண், காது இரண்டோடு கையும் படிக்கிறது என்று இதைச் சொல்லலாம். டெஜெரினின் நோயாளியின் விரலும் இதையேதான் சொன்னது.

காது என்று இங்கு சொல்வது சதையாலான காதை மட்டும் அல்ல. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் கையால் பேசும் மொழி ஒன்று இருக்கிறது. மனிதர்களோடு கொடுத்து வாங்கிக் கற்ற மொழி. இன்னொருவர் இல்லாமல் கற்க முடியாதது என்பதுதான் இங்கு முக்கியம்.

*

நம்மிடம் வருவோம். இலக்கணக்காரனுக்கு எழுத்து என்றால் முதலில் ஒலி. தொல்காப்பியம் எழுத்தின் பிறப்பைச் சொல்லும்போது நாக்கையும் பல்லையும் இதழையும் சொல்கிறது. நன்னூலுக்கும் எழுத்து என்பது அணுக்கள் திரண்டு எழும் ஒலி. வரிவடிவம் பிற்பாடு வருவது.

அந்த வரிவடிவமும் ஏட்டில் எப்படி இருந்தது? மெய்யின் மேல் புள்ளி கிடையாது. குத்தினால் ஓலை கிழியும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசம் கிடையாது. நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் காட்டியது பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். காலும் ரகரமும் ஒரே மாதிரி. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு கால் என்று ஏட்டில் கிடந்தால் அது பொ, போ, பெர, பேர, பெர், பேர் ஆகிய ஆறில் எதுவாகவும் இருக்கலாம். கண் ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. செய்யுளின் ஓசை தெரிந்த காதுதான் தேர்ந்தெடுக்கும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது கண்ணின் சாதனை என்று சொல்வதைவிட, காதின் சாதனை என்று சொல்வது பொருந்தும். இந்த ஏட்டை வாசித்தவனுக்கும் சீன எழுத்தை வாசிப்பவனுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. இருவரும் அரைகுறையான ஒலிக்குறிப்பைத் தங்கள் மொழியறிவால் முழுமையாக்கிக்கொள்கிறவர்கள்.

நமக்கும் சித்திரம் போன்ற குறிகள் இருந்தன. நாளுக்கு ௳, வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸. கணக்குப் பேரேடுகளிலும் பழைய பத்திரங்களிலும் இவை நிறையக் கிடக்கும். ௵ என்பதைப் பார்த்து யாரும் காலத்தைத் தியானிக்கவில்லை. வருஷம் என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள்.

ஒலி தெரியாத குறி என்ன ஆகும் என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே சாட்சி உண்டு. நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் உள்ள கொடுமணலில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. கிடைத்த பானை ஓடுகளில் இரண்டு வகைக் கீறல்கள். ஒரு வகை, தமிழ் பிராமி எழுத்து. இன்னொரு வகை, எழுத்து என்று சொல்ல முடியாத குறியீடுகள். சில குறியீடுகள் பார்க்க மிகத் தெளிவானவை, அழகானவையும்கூட. அவற்றை நாம் பார்க்கிறோம், படிக்க முடியவில்லை. எதன் சாயலும் இல்லாத அந்த பிராமிக் கோடுகளோ, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நொய்யல் கரையில் பானை வைத்திருந்த ஒருவனுடைய பெயரைச் சொல்கின்றன. அவனை அவன் வீட்டார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. பார்வை மட்டும் போதும் என்றால் நாம் முதலில் படித்திருக்க வேண்டியது அந்தக் குறியீடுகளைத்தான். ஐராவதம் மகாதேவன் 1977இல் சிந்துவெளிக் குறிகளுக்கெல்லாம் தொடரடைவு செய்து கொடுத்தார். அந்தக் குறிகளும் இன்றுவரை அறிஞர்கள் ஒருமனதாக ஒப்பும்படி படிக்கப்படாமல் இருப்பது, அவற்றைப் பேசிய வாய் எது என்பது முடிவாகாததால்தான். அங்கு வரும் மீனைப் படிக்க முயன்றவர்கள்கூட, மீன் என்ற சொல் நட்சத்திரத்தையும் குறிக்கும் என்ற தமிழ்ச் சிலேடையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். படத்தைத் திறக்க அவர்களுக்கும் ஒரு ஒலிதான் தேவைப்பட்டது.

*

உடுமலைப்பேட்டை என்ற பெயரிலேயே ஒரு சிறு வரலாறு இருக்கிறது. 1978 அக்டோபர் வரை அதன் நான்காவது எழுத்துக்குத் தலையில் ஒரு துதிக்கை இருந்தது. 1935இல் பெரியார் ‘குடி அரசு’வில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை அந்த அக்டோபரில் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா. ணை, லை, ளை, னை. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ ஆகிய பதின்மூன்றும் உருமாறின. பின்னர் வா. செ. குழந்தைசாமி உகர ஊகார வரிசைகளையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று வாதாடினார். அது ஏற்கப்பட்டிருந்தால் இரண்டாவது எழுத்தான ‘டு’வும் மாறியிருக்கும். ஏற்கப்படவில்லை. சீனாவிலும் 1977இல் வந்த இரண்டாவது எளிமைத் திட்டம் எதிர்ப்பைச் சந்தித்து 1986இல் கைவிடப்பட்டது.

துதிக்கை போனால் மலை போய்விடும் என்று அன்று வருந்தியவர்களை ஏளனம் செய்வதற்கில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் அந்த வளைவு அவர்கள் மூளையில் ஊறிப்போயிருந்தது. கையெழுத்தில் அது ஒரு சுகம். உருவம் ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவன் கையால் எழுதிப் பழகாதவன். ஆனால் பழைய பதிப்பு ஒன்றைக் கையில் எடுக்கும் இன்றைய இளைஞன் முதல் பக்கத்தில் தடுக்கி நிற்கிறான். நாலாவது பக்கத்தில் நிற்பதில்லை. நடுவில் நடந்தது என்ன? அந்த உருவத்துக்கு உரிய ஒலியை அவன் கண்டுகொண்டான், அவ்வளவுதான். மாற்றத்தின் விலையை ஏற்கெனவே படித்தவர்கள் ஒரு முறை கொடுத்தார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் அந்த விலையை ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்புக் குழந்தைகள் கொடுத்திருப்பார்கள். லக்னோவுக்கு அருகில் உள்ள கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து ஆராய்ந்ததில், மூளையின் மேற்பரப்பில் மட்டும் அல்லாமல் அடியாழத்திலும் மாற்றம் தெரிந்ததாக 2017இல் எழுதினார்கள். காலம் கடந்துவிட்டது என்று யாரையும் தள்ளிவைக்க மூளை இடம் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, எழுத்தின் உருவத்தைப் பற்றி முடிவு செய்யும்போது, அதை இன்னும் கற்காதவனையும் ஒரு கட்சிக்காரனாகச் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

இனி நம் சண்டைக்கு வரலாம். 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தபோது, அது மேடைக் கவிதை, உரத்த குரல், காதுக்கான சரக்கு என்று ஒதுக்கிய விமர்சனம் ஒன்று இருந்தது. ஒதுக்கியவர்கள் தங்கள் கவிதை கண்ணுக்கானது, மௌன வாசிப்புக்கானது என்றார்கள். வானம்பாடிகளின் கவிதைகளில் பலவற்றுக்கு அந்த விமர்சனம் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குற்றம் உரத்துப் பேசியதில் இருந்ததே தவிர, காதை நாடியதில் இல்லை. மௌன வாசிப்பிலும் ஒரு குரல் ஓடுகிறது. அது யாருடைய குரல் என்பதுதான் கேள்வி.

1978இல் வந்த பத்திரிகை ஒன்றுக்கு ‘ழ’ என்று பெயர். அட்டையில் ஒரே எழுத்து. மதுரைப் பக்கம் அதைப் பார்க்கிறவர்களில் பலருக்குள் அது ளகரமாக ஒலிக்கும். ‘காற்று’ என்ற சொல்லை யாழ்ப்பாணத்து வாசகர் கேட்கும் விதம் வேறு, உடுமலை வாசகர் கேட்கும் விதம் வேறு. காண்டன்காரனும் பெய்ஜிங்காரனும் ஒரே சீனப் பக்கத்தைப் படித்துக்கொள்வதைக் காட்டி, பார், அங்கு ஒலி தேவைப்படவில்லை என்பார்கள். ஒலி தேவைப்படாமல் இல்லை. ஆளுக்கொரு ஒலி இருக்கிறது. நம்மிடமும் சற்றுக் குறைந்த அளவில் அதுதான் நடக்கிறது. கவிஞன் கொடுப்பது ஊமைப் படம் என்றால் அதை எங்கும் ஒரே மாதிரி மாட்டி வைக்கலாம். அவன் கொடுப்பதோ ஒவ்வொரு ஊரின் வாயிலும் மறுபடி பிறக்க வேண்டிய ஒன்று.

இதை நமக்கு முன்பே தெரிந்துகொண்டவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வந்த ‘நாகம்மாள்’ நாவலில் பாத்திரங்கள் கொங்குத் தமிழில் பேசுகின்றன. வேற்றூர் வாசகன் அந்தப் பக்கங்களில் கண்ணை வேகமாக ஓட்ட முடியாது. வாய்க்குள் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லிப் பார்க்கும்போது, தான் அறியாத ஒரு மனிதனின் மூச்சு தன் தொண்டை வழியாகப் போய்வருவதை உணர வேண்டும். அந்தச் சிரமம்தான் அந்த நாவலின் நாணயம். அதே கொங்குப் பேச்சை நீக்கி, ‘எல்லாருக்கும் புரியும்’ தமிழில் எழுதினால் வாசகன் சுலபமாகப் படிப்பான், நாகம்மாளைக் கேட்கமாட்டான். பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவியின் பாட்டுகள், ஓர் எழுத்தும் அறியாதவர்களைப் போய்ச் சேர்ந்தன. அவர் சினிமாப் பாட்டுக்காரர், நாம் கவிஞர்கள் என்று கோடு போட்டுக்கொள்வது நம் சௌகரியம். அவர் வார்த்தையை யாருடைய வாய்க்காகச் செய்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சைத் தாண்டிப் பொருளைப் பிடிக்கும் ஆசையில் இதனால்தான் ஒரு தார்மீகக் குறை இருப்பதாகச் சொல்கிறேன். பேச்சு என்பது ஒருவன் பேசுவது. அவனுக்கு ஊர் உண்டு, ஜாதி உண்டு, பல் போன வாய் உண்டு, தாயிடம் கற்ற உச்சரிப்பு உண்டு. இவையெல்லாம் பொருளுக்குப் போகும் வழியில் கிடக்கும் இடைஞ்சல்கள் என்று நினைக்கிறவன், பொருளை வைத்துக்கொண்டு ஆளைக் கழித்துவிடத் தயாராகிறான். சீனக் கவிதையில் மலையும் நிலவும் நாரையும் கிடைத்தால் போதும், சீனன் வேண்டாம் என்கிறான். படிமத்தின் பெயரால் இதைச் செய்யும்போது நாகரிகமாகத் தோன்றுகிறது.

நாமும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். சீனக் கவிதைகள் என்று நம் பத்திரிகைகளில் வருபவை பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வருபவை. ஆங்கிலக்காரன் வாயில் நுழைந்த விதத்தில் கவியின் பெயரை எழுதுகிறோம். மூலத்தில் ஓர் எதுகை இருந்ததா, எந்த ஊர்ப் பேச்சின் சாயல் இருந்தது என்று கேட்பதில்லை. சீனக் கவிதை வெறும் காட்சிதானே என்று நமக்குச் சமாதானம் தயாராக இருக்கிறது. ரிஹாகு என்று எழுதியதற்காகப் பவுண்டைக் கண்டிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்காதீர்கள் என்று சொல்லவரவில்லை. சொன்னால் நமக்கு உலகத்தில் பாதி அடைத்துப்போகும். ஒன்று மட்டும் கேட்கலாம். மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட கவிதையை, அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு முறையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சீனம் தெரிந்தவர் கோவையில் கிடைக்காவிட்டால் சென்னையில் கிடைப்பார். ஒலிப்பதிவுகள் இன்று எங்கிருந்தும் கிடைக்கின்றன. ஒரு சொல்லும் புரியாது. புரியாவிட்டாலும், இதை ஒருவன் சொன்னான் என்பது தெரியும். அது தெரிந்த பிறகு செய்கிற மொழிபெயர்ப்பு மோசமாகவே இருந்தாலும், ஆளில்லாத காட்சியாக மட்டும் இருக்காது.